காட்டுக் காளான்: அடிக்காம்பில் தொடங்கும் அடையாளம்

மழைக்குப் பிறகு காட்டுத் தரையில் தலைநீட்டும் காளான் ஒரு பூஞ்சையின் முழு உடல் அல்ல. பூஞ்சையின் உடல் எளிதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளின் வலை. மண்ணிலும் மட்கும் கட்டையிலும் சருகடியிலும் அது ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கிறது. ஸ்போர் எனப்படும் வித்துத் துகள்களைக் காற்றில் விடுவதற்காகச் சில நாள்களுக்கு மட்டும் அது வெளியே அனுப்பும் உறுப்பே காளான். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், மால்ஹூர் காட்டுக்கு அடியில், ஒரே ஓர் ஆர்மில்லேரியா பூஞ்சை ஏறத்தாழ 9.6 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பிடித்திருக்கிறது. அதன் மேல் நடந்துபோகிறவர் கண்ணில் படுவதோ இலையுதிர் காலத்தில் மரத்தடியில் கொத்தாக நிற்கும் பழுப்புக் குடைகள் மட்டும்.

இனம் காண்பதில் உள்ள சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்தே தொடங்குகின்றன. ஒரு மரத்துக்கு இலையைப் பார்த்துப் பெயர் சொல்லலாம். ஐயம் இருந்தால் பூக்கும்வரை, காய்க்கும்வரை காத்திருக்கலாம். காளான் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அதன் சில நாள் வாழ்விலும் மொட்டில் ஓர் உருவம், விரிந்ததும் வேறோர் உருவம், பலத்த மழை அடித்தால் நிறமும் செதிலும் கழுவிப்போன மூன்றாவது உருவம். போதாததற்கு இனங்களின் எண்ணிக்கையும் மலைப்பூட்டும். இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சைகள் சுமார் 1.5 லட்சம். உலகில் இருக்கக்கூடியவை 22 முதல் 38 லட்சம் வரை என்பது 2017-இல் வெளியான மதிப்பீடு. ஆகவே காட்டிலிருந்து கொண்டுவந்த காளானுக்குப் பெயர் தெரியவில்லை என்று தேர்ந்த பூஞ்சையியலாளர் ஒருவர் சொன்னால் அதில் வியப்பில்லை. அதற்கு இன்னும் பெயரே வைக்கப்படாமல் இருக்கலாம். எதைக் காட்டினாலும் நொடியில் பெயர் சொல்கிறவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

காளானைத் தேடுவது மரத்தைத் தேடுவதில் தொடங்குகிறது. பூஞ்சைகளில் பெரும்பகுதி செத்த மரத்தையும் சருகையும் சாணத்தையும் மட்கச் செய்து வாழ்பவை; அவற்றுக்கு இன்ன மரம்தான் வேண்டும் என்ற கட்டாயம் குறைவு. வேறு சில உயிருள்ள மரத்தின் வேர்நுனிகளைப் போர்த்திக்கொண்டு மண்ணிலிருந்து நீரையும் பாஸ்பரஸையும் மரத்துக்குக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையை வாங்கி வாழ்கின்றன. இந்த வேர்க்கூட்டுப் பூஞ்சைகள் தமக்கு ஏற்ற மரம் இல்லாத இடத்தில் முளைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக்குங்கிலியமும் கோங்கும் நிற்கும் பசுமைமாறாக் காடுகளில் ருசுலா, அமானிட்டா போன்ற பேரினங்கள் தென்படுவதற்குக் காரணம் இதுவே. ஜார்க்கண்டில் ருக்ரா என்றும் பஸ்தரில் போடா என்றும் பழங்குடி மக்கள் தேடி எடுத்து விற்கும் உருண்டைக் காளான் சால மரக்காட்டை விட்டு விலகுவதில்லை. மரத்தின் பெயரைக் குறிக்காமல் எடுத்துவந்த காளானின் அடையாளத்தில் பாதி அந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது.

மரத்தோடு பூஞ்சையும் கண்டம் விட்டுக் கண்டம் போகும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோட்டங்களாக நடப்பட்ட பைனஸ் பட்டுலா என்னும் பைன், மெக்சிகோவைச் சேர்ந்தது. அதன் அடியில் மழைக்காலத்தில் செந்நிறக் குடையும் வெள்ளைப் பொட்டுகளுமாக நிற்கும் அமானிட்டா மஸ்காரியா, சோலைக் காட்டின் சொந்தப் பிள்ளை அல்ல. ஐரோப்பியக் குழந்தைக் கதைப் புத்தகங்களில் குள்ளர்கள் உட்காரும் அதே காளான்தான் அது; நஞ்சுடையது. ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு அதன்மேல் இருக்கும் ஆசை புரிகிறது. ஆனால் அதனால் ஒரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது: நஞ்சுக் காளான் என்றால் இப்படிப் பளிச்சென்று தெரியும் என்று. ஆளைக் கொல்லும் இனங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவோ மங்கிய பச்சையாகவோ பழுப்பாகவோ, பார்வைக்குச் சாதுவாக இருப்பவை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காளான் தேடுகிறவர்களின் முதல் இலக்கு மரமும் அல்ல, கறையான் புற்று. புற்றுக் காளான் என்று ஊர்மக்கள் சொல்லும் டெர்மிடோமைசஸ் பேரினத்தைக் கறையான்களே பயிரிடுகின்றன. தொழிலாளிக் கறையான்கள் காய்ந்த புல்லையும் மரத்துகளையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவால் கூட்டுக்குள் கடற்பஞ்சு போன்ற அடைகளைக் கட்டுகின்றன. அந்த அடைகளில் பூஞ்சை வளர்ந்து, கறையானால் செரிக்க முடியாத பகுதிகளை உணவாக மாற்றித் தருகிறது. இந்த வேளாண்மை ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அதைப் பற்றிய ஆரம்பக் குறிப்பு தமிழ் மண்ணிலிருந்து போனது என்பது பலர் அறியாதது. லின்னேயஸிடம் படித்து, தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1779-இல் ஜெர்மன் மொழியில் வெளியான கறையான் பற்றிய கட்டுரையில் புற்றுக்குள் இருக்கும் பூஞ்சையையும் விவரித்தார். இலங்கையில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய டாம் பெட்ச் 1906-இல் இதே பொருளில் விரிவான ஆய்வை வெளியிட்டார். 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம் டெர்மிடோமைசஸ் என்ற பேரினத்தை வகுத்தார். அவர் பெயரைத் தாங்கிய டெர்மிடோமைசஸ் ஹெய்மி என்ற தென்னிந்திய இனத்தை 1979-இல் விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன்.

புற்றுக் காளானை அடையாளம் காட்டுவது அதன் வேர்போன்ற அடித்தண்டு. பூஞ்சை அடை மண்ணுக்குள் ஆழத்தில் இருப்பதால் காளான் அங்கிருந்து புறப்பட்டு நெடுந்தூரம் மண்ணைத் துளைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அதற்காகவே குடையின் உச்சியில் கெட்டியான கூர்முனை இருக்கும். மேலே கையளவு தெரியும் காம்பு, மண்ணுக்குள் மெலிந்து மெலிந்து ஒரு முழத்துக்கு மேலும் போகலாம். மண்ணுக்கு மேல் புற்று தெரியாத இடத்திலும் இது முளைக்கும். தோண்டிக்கொண்டே போனால் காம்பின் நுனி கறையான் கூட்டில் போய் முடியும். விரலளவுகூட இல்லாத சின்னஞ்சிறு குடைகளாக நூற்றுக்கணக்கில் தரையை மூடும் டெர்மிடோமைசஸ் மைக்ரோகார்ப்பஸ் மட்டும் இதற்கு விலக்கு. கறையான்கள் பழைய அடையைக் கொண்டுவந்து வெளியே போடும் துகளில் அது முளைப்பதால் அதற்கு நீண்ட வேர் தேவைப்படுவதில்லை. இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பெர்க்லியும் புரூமும் 1871-இல் இதை விவரித்தனர். சிப்பிக் காளானையும் பால் காளானையும் குடிசையில் வளர்த்து விற்கும் இன்றைய தொழிலால் புற்றுக் காளானை மட்டும் வளர்க்க முடியவில்லை. கறையான் இல்லாமல் அது விளைவதில்லை. அதனால்தான் மழைநாள் காலையில் சாலையோரத்தில் இலையில் பொதிந்து வைத்து விற்கப்படும் புற்றுக் காளானுக்கு அந்த விலை.

பருவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் காய்ந்த நிலத்தில் விழும் முதல் நல்ல மழைக்குப் பின் சில நாள்களில் புற்றுக் காளான் வரும். தென்மேற்குப் பருவமழை பெறும் மலைச்சரிவுகளில் ஜூனிலிருந்தும், வடகிழக்குப் பருவமழை பெறும் சமவெளிகளில் அக்டோபரிலிருந்தும் காளான் காலம். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற நம்பிக்கையைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால் ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கை மின்னல் போன்ற மின்துடிப்பைக் கட்டைகளில் செலுத்தியபோது ஷிடாக்கே காளானின் விளைச்சல் கூடியது. அதற்காக எல்லாக் காளானுக்கும் இடி வேண்டும் என்று ஆகிவிடாது. இடியோடு வரும் மழையே பெரும்பாலும் போதும். பருவத்தோடு, தேடும் இடத்தின் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியின்றி எதையும் எடுத்துவரக் கூடாது. காட்டில் வாழும் மக்களுக்குச் சிறு வனப்பொருள்களின் மீதுள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கிறது.

காளானைக் கண்டவுடன் குடையைப் பிடித்துப் பறிப்பதுதான் பழக்கம். இனம் காண்பதற்கு அதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. தேவையான குறிகளில் முக்கியமானவை மண்ணுக்குள் இருக்கின்றன. காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் கத்தியைச் செங்குத்தாக இறக்கி, அடிமண்ணோடு நெம்பி எடுக்க வேண்டும். மண்ணை உதிர்ப்பதற்கு முன் அடியைப் பார்க்க வேண்டும். அங்கே கிழிந்த வெள்ளைப் பை ஒன்று காம்பின் குமிழ்போன்ற அடியைக் கிண்ணமாகச் சுற்றியிருந்தால், அது அமானிட்டாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. இளம் காளான் முழுவதையும் முட்டையோடு போல மூடியிருந்த உறையின் எச்சமே அந்தப் பை, அடியுறை எனலாம். இளகிய மண்ணில் காம்பை இழுத்தால் பை மண்ணிலேயே நின்றுவிடும், கையில் வருவது குற்றமற்ற வெள்ளைக் காளானாகத் தோன்றும். முற்றியது, நடுத்தரம், மொட்டு என மூன்று பருவத்திலும் ஒவ்வொன்று எடுப்பதும், ஒவ்வோர் இனத்தையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றுவதும் நல்லது. பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்துக் குழைந்து வீடு சேர்வதற்குள் உருத்தெரியாமல் போய்விடும்.

அடியைப் பார்த்தபின் பார்வை மேலே ஏறலாம். காம்பில் வளையம் உண்டா, அது ஒட்டியிருக்கிறதா, விரலால் மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா? காம்பு நார்நாராகக் கிழிகிறதா, சுண்ணக்கட்டி போலப் பட்டென்று முறிகிறதா? முறிந்தால் ருசுலாவின் குடும்பம். முறிந்த இடத்தில் பால் கசிந்தால் லாக்டேரியஸ் அல்லது அதன் நெருங்கிய உறவு. குடையின் அடிப்பக்கத்தில் தகடுகளாக அடுக்கியிருப்பவை செவுள்கள். அவை காம்பைத் தொடாமல் நிற்கலாம், தொட்டு நிற்கலாம், காம்பின் மேல் வழிந்திறங்கலாம். செவுளுக்குப் பதில் பஞ்சுத் துளைகள் இருந்தால் அது பொலீட் வகை. நறுக்கியவுடன் சில இனங்களில் சதை நீலமாவது காற்றுப் பட்டதால் நிகழும் வேதிமாற்றம், அதற்கும் நஞ்சுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. மேற்குநாடுகளில் பேர்போன சாந்தரெல் காளானில் செவுள்போலத் தெரிவது சதையிலேயே எழுந்த மழுங்கிய மடிப்பு. நகத்தால் பிரித்தெடுக்க வராது. அதைப் போலவே தோன்றும் நஞ்சுக் காளானான ஓம்ஃபலோட்டஸில் கத்தி விளிம்பு போன்ற உண்மைச் செவுள் இருக்கும். குடையின் நிறம் இவற்றுக்கெல்லாம் கடைசியில்தான் வர வேண்டும். ஒரே இனத்தில் அது பச்சையிலிருந்து வெள்ளைவரை மாறும். வெயிலும் மழையும் அதை மேலும் மாற்றும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றை ஒரு தாளும் டம்ளரும் சொல்லிவிடும். காம்பை வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி குடையைத் தாளில் கவிழ்த்து, ஈரம் காயாமலிருக்க டம்ளரால் மூடி இரவு முழுவதும் விட்டால், காலையில் தாளில் செவுளின் வரிவரியாக ஸ்போர்கள் படிந்திருக்கும். பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாள் வைப்பதே முறை. வெள்ளைத் தாளில் வெள்ளை ஸ்போர் தெரியாது. அமானிட்டாவில் பதிவு வெள்ளை. டெர்மிடோமைசஸிலும் வைக்கோல் காளானிலும் இளஞ்சிவப்பு. கடையில் விற்கும் பட்டன் காளானின் உறவுகளில் கரும்பழுப்பு. மைக் காளானில் கறுப்பு. துருப்பழுப்பு விழுந்தால் விலகி நிற்பது மேல், கல்லீரலைத் தாக்கும் கலெரினாவும் சிறுநீரகத்தைத் தாக்கும் சில கார்ட்டினேரியஸ் இனங்களும் அந்த நிறத்தில் அடங்கும். ஸ்வீடன் அறிஞர் எலியாஸ் ஃப்ரீஸ் 1821-இல் தொடங்கி வெளியிட்ட நூலில் செவுள் காளான்களை ஸ்போர் நிறத்தால் பிரித்தார். மரபணு ஆய்வு அவர் வகுப்பை நிறையவே கலைத்துவிட்டது, ஆனாலும் களத்தில் இதற்கு இணையான எளிய சோதனை வேறு வரவில்லை.

இந்தச் சோதனையின் பயனும் எல்லையும் ஒரே இடத்தில் தெரிவது மரணத்தொப்பி எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டஸ் விஷயத்தில். உலகில் காளான் நஞ்சால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பங்கு இந்த ஓர் இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் ஓக் காடுகளில் பிறந்த இது, ஓக் மரங்களோடு கப்பலேறி ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் தெருவோரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2012 புத்தாண்டை ஒட்டி அங்கே இதை உண்ட இருவர் இறந்தனர். தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் குடியேறியவர்களுக்கு இது பிறந்த ஊரின் வைக்கோல் காளானாகத் தெரிவதுதான் பெரிய ஆபத்து. இரண்டுக்கும் அடியுறை உண்டு. இரண்டும் மொட்டில் முட்டை வடிவம். வேறுபாடுகளும் தெளிவானவையே. விரிந்த மரணத்தொப்பியின் காம்பில் தொங்கும் வளையம் வைக்கோல் காளானில் இல்லை. முன்னதன் செவுள் கடைசிவரை வெள்ளை, பின்னதன் செவுள் முற்றும்போது இளஞ்சிவப்பாகும். முன்னது ஓக் வேரோடு வாழும், பின்னது மட்கும் வைக்கோலிலும் வாழைக் கழிவிலும் வளரும். ஆனால் இந்த வேறுபாடுகள் எல்லாம் விரிந்த காளானில்தான். வைக்கோல் காளானைச் சமையலுக்கு எடுப்பது முட்டைப் பருவத்தில். அப்போது வளையம் விரிந்திருக்காது, செவுள் நிறம் பிடித்திருக்காது, ஸ்போரும் விழாது. அறிவு எவ்வளவு இருந்தாலும் பயன்படுத்த இடம் இல்லாத பருவம் அது. காட்டில் கிடைத்த முட்டைக் காளானைச் சமைக்காமல் விடுவதைத் தவிர அதற்கு மாற்று இல்லை.

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களிலும் நகரப் புல்வெளிகளிலும் இதைவிட அடிக்கடி ஏமாற்றுவது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ். பெரிய வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில்கள், காம்பில் நகரும் வளையம், அகலமான வெள்ளைச் செவுள்: எல்லாமே உண்ணத்தக்க காளானின் இலட்சணம்போல் இருக்கும். ஸ்போர்ப் பதிவு எடுத்தால் மங்கிய பச்சையில் விழும், அந்த நிறம் காளான்களில் மிக அரிது. முற்றிய பின் செவுளும் பச்சையாகும். ஆனால் அதுவரை யார் காத்திருக்கிறார்கள்? உண்டவருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை, நீரிழப்பால் குழந்தைகள் துவண்டுபோவது உண்டு. புற்றுக் காளானோடு இதைக் குழப்புபவர்கள் அடியைத் தோண்டிப் பார்க்காதவர்கள். இதற்கு உருண்டை அடிதான், வேர் கிடையாது.

நஞ்சைக் கண்டுபிடிக்கச் சொல்லப்படும் குறுக்குவழிகளில் ஒன்றும் தேறுவதில்லை. வெள்ளிக் கரண்டி கறுக்கும் என்பதும் பூண்டு நிறம் மாறும் என்பதும் பல நாடுகளில் பல மொழிகளில் வழங்கும் பொய். மரணத்தொப்பியின் நஞ்சு வெள்ளியோடு வினைபுரிவதில்லை. பூச்சி அரித்திருந்தால் சாப்பிடலாம் என்பார்கள். நத்தை தின்றுவிட்டு நலமாக ஊர்ந்துபோகும்; அதே காளான் மனிதனைக் கொல்லும். மரத்தில் முளைப்பது நல்லது என்பார்கள்; மரணத்தொப்பியின் அதே நஞ்சைக் கொண்ட கலெரினா முளைப்பது மட்கிய கட்டையில். வேகவைத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அந்த நஞ்சு சிதைவதில்லை. உண்டு பிழைத்தவர்கள் அது சுவையாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். உண்ணத்தகுந்தது என்ற பொதுக்குறி எந்தக் காளானின் உடலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. இனத்தின் பெயர் உறுதியானால், அந்த இனத்தைப் பற்றி முன்னரே அறிந்தது துணைக்கு வரும். பெயர் உறுதியாகாவிட்டால் எதுவும் துணைக்கு வராது.

பெயர் உறுதியானாலும் கதை முடிந்துவிடுவதில்லை. ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்ட பாக்சில்லஸ் இன்வொலூட்டஸ் காளானை உண்டு 1944-இல் இறந்தவர் ஜெர்மானியப் பூஞ்சையியலாளர் யூலியஸ் ஷேஃபர். திரும்பத் திரும்ப உண்பவரின் உடல் அதற்கெதிராகத் திரும்பி இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும் என்பது பின்னால்தான் விளங்கியது. ஜப்பானில் விரும்பி உண்ணப்பட்ட, சிப்பிக் காளானைப் போன்ற வெள்ளைச் சிறகுக் காளானால் 2004-இல் 17 பேர் இறந்தார்கள். ஆகவே புத்தகத்தில் உண்ணலாம் என்று இருப்பது அந்தப் புத்தகம் அச்சான நாளின் அறிவு. பெயரை உறுதிப்படுத்த, ஆய்வகத்தில் ஸ்போரின் அளவையும் புறத்தோற்றத்தையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அயோடின் கலந்த மெல்ட்சர் கரைசலில் அது நீலக்கருமையாகிறதா என்று சோதிப்பார்கள். 2012-இலிருந்து ஐடிஎஸ் என்ற மரபணுப் பகுதி பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக ஏற்கப்பட்டிருக்கிறது. இந்தச் சோதனைகளுக்கு மாதிரி வேண்டுமென்றால், புதிதாக இருக்கும்போதே படமும் குறிப்பும் எடுத்து, மிதமான சூட்டில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, இடம், நாள், அருகிலிருந்த மரம் ஆகியவற்றை எழுதிய சீட்டோடு வைக்க வேண்டும். சீட்டு இல்லாத மாதிரியால் பயன் மிகக் குறைவு.

நஞ்சுண்ட பிறகு முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். உண்ட இரண்டு மூன்று மணிக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் குடலோடு முடியும் நஞ்சு, எனினும் அதை வைத்து நிம்மதி கொள்ளக் கூடாது. ஒரே குழம்பில் இரண்டு இனம் கலந்திருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு மணிக்குள், வயிற்றுப்போக்கு தொடங்கினால் அது மரணத்தொப்பியின் நஞ்சான அமடாக்சினின் அறிகுறி. ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதியை அந்த நஞ்சு முடக்குவதால் கல்லீரல் உயிரணுக்கள் புரதம் செய்ய முடியாமல் மடிகின்றன. இரண்டாம் நாள் வாந்தி நின்று நோயாளி தேறியதுபோல் எழுந்து உட்காருவார். வீட்டுக்கு அழைத்துப்போகத் தோன்றும் அந்த நாளில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சள் காமாலை தெரியும். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளான் உண்டு சில நாள்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே அதில் மிகுதி. ஐயம் எழுந்த உடனே, அறிகுறி வரும் வரை காத்திராமல், உண்ட அனைவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நீரேற்றம், செயலூட்டிய கரி, சிலிபினின், அசிட்டைல்சிஸ்டீன் ஆகியவை அங்கே கிடைக்கக்கூடிய சிகிச்சைகள். முற்றினால் கல்லீரல் மாற்று அறுவை. சமைக்காமல் மிஞ்சிய காளான் இருந்தால் அடிக்காம்போடு காகிதத்தில் சுற்றி உடன் எடுத்துச்செல்ல வேண்டும். அது இல்லையென்றால் அரிவாள்மனைப் பக்கத்தில் கிடக்கும் நறுக்கிப்போட்ட அடித்துண்டுகள், சட்டியில் ஒட்டிய குழம்பு, வாந்தி, எதுவானாலும் சரி. வெந்த பிறகும் வயிற்றுக்குள் போன பிறகும் ஸ்போர்கள் உருமாறுவதில்லை. நுண்ணோக்கியின் கீழ் அவற்றைக் கொண்டே எந்தப் பேரினம் என்று சொல்லிவிடலாம்.